சாக்குக் கழிவு

ஹட்டன்
12.01.2025

அன்புத் தங்கச்சி ரினோஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் நான்கு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நல்லதண்ணிக் குளிரில் மலை யாத்திரைச் சீசன் கடையோடு மல்லுக்கட்டும் நீயும் மச்சான் ரிஸ்வியும் எப்படி இருக்கிறீர்கள்? நெஞ்சுச் சளியை அசட்டை பண்ணாதே.

போன் இருக்கும்போது இந்த மனுசனுக்கு என்னத்துக்குக் கடுதாசி என்று யோசிப்பாய். என் வீடு கடைக்கு மேலே, எல்லாம் பலகைத் தடுப்பு. நான் போனில் பேசுவது மகள் ரிஸ்லாவின் அறைக்கு அப்படியே கேட்கும். வொயிஸ் அனுப்பலாம் என்றால் என் போனை எனக்கே திறந்து தருபவள் அவள்தான். விசயமோ அவளைப் பற்றியது. ஆகவே இதை பஸ் கொண்டக்டர் இராமையாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். நீயும் அப்படியே அனுப்பு.

பள்ளிக்கூடத்துக்கு வந்த வைத்தியர்கள் துண்டு எழுதிக் கொடுத்தார்கள் என்று அவளை நுவரெலியாக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பதினாலு வயதுக்குத் தொண்ணூற்றொரு கிலோ. இரத்தத்தில் சீனி எல்லைக்கு வந்து நிற்கிறது. அவள் கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு இருக்குமே, பஸ்ரியா இரண்டு வருடமாகத் தேசிக்காய் போட்டுத் தேய்த்தாளே, அது அழுக்கில்லையாம். சீனி வரப்போகிறது என்று உடம்பு காட்டும் அடையாளமாம். "ஊத்தைன்னு நெனச்சுப் புள்ளட தோலை உரிச்சிட்டேனே" என்று உன் மதினி கிளினிக்கிலேயே அழுதாள்.

டொக்டர் நோனா, அந்தச் சிங்கள அம்மா, அரைத் தமிழில் சொன்னார்: "முதலாளி, நோய் இவளுக்கு. மருந்து வீட்டுக்கு. எல்லாரும் ஒரே சாப்பாடு, எல்லாரும் நடக்கணும். ஆறு மாசம் பார்ப்போம், சரிவரல்லன்னா குளிசை போடணும்."

எனக்கு அது பிடிபடவில்லை. நோயாளி ஒருத்தி, மருந்து நாலு பேருக்கா? இருந்தாலும் சும்மா விட மாட்டேன். தலையில் பொட்டணி தூக்கி, தோட்டம் தோட்டமாகச் சேலை விற்று, இன்றைக்குப் பலசரக்கு மொத்தக் கடை பிடித்து நிற்கிறவன் நான். ஒரு பிள்ளையின் எடையைக் குறைக்க ஏலாதா? பொறுப்பை என் கையில் எடுத்துவிட்டேன். நீ துஆ செய், அது போதும்.

உன் நானா
சப்ராஸ்


நல்லதண்ணி
21.01.2025

அன்புள்ள நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இராமையா அண்ணன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்து தந்தார். பௌர்ணமிப் போயாவுக்கு மலையேற வந்த கூட்டம், ஆகவே பதில் சுணங்கிவிட்டது. எங்களுக்கு இருமலைத் தவிர வேறு குறை இல்லை.

மதினியை ஏசாதீர்கள். தேசிக்காய் போடச் சொன்னவளே நான்தான். படித்ததிலிருந்து எனக்கும் கை கூசுகிறது.

நானா, மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். டொக்டர் சொன்னது இருக்கிறது, மதினி அழுதது இருக்கிறது, உங்கள் பொட்டணியும் இருக்கிறது. ரிஸ்லா என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லையே. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்ன பேசினாள்?

இன்னுமொன்று. மருந்து வீட்டுக்கு என்றால், பின்னேரம் அசர் தொழுததும் கடைக்கு வரும் உங்கள் கொத்துரொட்டிப் பார்சலும் அதில் சேருமா? சும்மாதான் கேட்டேன், மூக்குச் சிவக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

ரினோஸா


ஹட்டன்
09.02.2025

தங்கச்சிக்கு,

ஸலாம். உன் இருமலுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இத்துடன் அனுப்புகிறேன். வேளைக்கு வேளை குடி.

அவள் பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

வேலை நன்றாக நடக்கிறது. மேல் வீட்டில் இருந்த பிஸ்கட், சோடா எல்லாவற்றையும் கீழே இறக்கிப் பூட்டிவிட்டேன். பஸ்ரியா அவளுக்குத் தனியாகச் சமைக்கிறாள். நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் ஆசை வரும் என்று அவளுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுகிறோம். இதில் சின்னவள் ரிப்கா ஒரு பக்கம் குழப்படி. அவள் ஈர்க்கில் மாதிரி இருக்கிறாள் உனக்குத் தெரியுமே. "ராத்தா குண்டென்டா நான் என்னத்துக்குப் பட்டினி கெடக்கணும்?" என்று மாடிப்படியில் உட்கார்ந்து ஊருக்கே கேட்க அழுதாள். இரண்டு அடுப்பு எரித்துக் கை வலிக்கிறது என்று பஸ்ரியா முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். "எண்ட சாப்பாட்டைத் தின்னுதான் புள்ள இப்பிடியானாளா, சொல்லுங்களேன்" என்று நேற்றும் ஒரு சண்டை. வீடு என்றால் இதெல்லாம் இருக்கும்.

ஆனால் பலனைப் பார். ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வந்ததும் நிறுக்கிறேன். கழிவு போக 91.050 இல் தொடங்கினோம். நேற்று முன்தினம் 88.650.

கொத்துப் பார்சலைப் பற்றிக் கேட்டாய். உழைக்கிறவன் சாப்பிடத்தான் வேண்டும். கடையிலேயே முடித்துவிடுகிறேன், அவள் கண்ணில் படாது.

சப்ராஸ்


நல்லதண்ணி
20.02.2025

நானாவுக்கு ஸலாம்.

கொத்தமல்லி கிடைத்தது. இருமல் பாதியாகிவிட்டது, உங்கள் கைராசி.

ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன், மழுப்பாமல் எழுதுங்கள். வீட்டில் ஆட்கள் ஏறி நிற்கும் தராசு ஐம்பது கிராம் வரை காட்டாது. "கழிவு போக" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீட்டுப் பேச்சில்லை, கடைப் பேச்சு. பிள்ளையை எந்தத் தராசில் நிறுக்கிறீர்கள்?

போனில் மதினியிடம் கேட்டால் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார். ரிஸ்லா இப்போது என்னோடு பேச வருவதே இல்லை. முன்பு போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள்.

ரினோஸா


ஹட்டன்
16.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நோன்பு எல்லாருக்கும் இலேசாக அமையட்டும். ரமழான் வியாபாரம் தலைக்கு மேல். ஆகவே ஒரு மாதம் எழுதவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே மழை, பாதையெல்லாம் சேறு. ரிப்காவின் முன்பல் ஒன்று விழுந்துவிட்டது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. ரிஸ்லா இப்போது 84.200. ஒரு நோன்பும் விடவில்லை. விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் "பசியில்ல வாப்பா" என்று திரும்பிப் படுத்துவிடுகிறாள். நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர். கஞ்சியை வாயில் வைத்துவிட்டுத் தள்ளிவிடுகிறாள். முன்பு சட்டியை வழித்துக் குடிப்பவள்! இந்த வயதில் இந்த மனவுறுதி யாருக்கு வரும்? என் இரத்தம். பஸ்ரியாதான் பயப்படுகிறாள். அவளுக்கு எதைக் கண்டாலும் பயம்.

நீ கேட்டவற்றுக்கு நேரில் பேசிக்கொள்வோம்.

சப்ராஸ்


ஹட்டன்
22.03.2025

அன்புள்ள ரினோஸாவுக்கு,

மதினி பஸ்ரியா எழுதும் ஸலாம். நான் எழுதிப் பழகியவள் இல்லை. பிழை இருந்தால் மன்னியுங்கள்.

ரிஸ்லாவை இந்தப் பஸ்ஸிலேயே உங்களிடம் அனுப்புகிறேன். இராமையா அண்ணன் கூட்டி வருவார். பெருநாள் வரைக்கும் லீவுதான். உங்கள் நானாவிடம் "மாமியோட ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. நிறுக்கக் கூப்பிட்டார். மாடிப்படியில் இறங்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். நெற்றியில் மட்டும் காயம், அல்லாஹ் காப்பாற்றினான். தூக்கித் தண்ணீர் கொடுத்தால், நோன்பை விட்ட கவலை இல்லை அவளுக்கு. "உம்மா, தண்ணி குடிச்சிட்டேன், இப்ப ஏறினா கூடக் காட்டுமே" என்கிறாள்.

நான் இரண்டு மாதமாக மறைத்ததைச் சொல்கிறேன். உங்கள் நானா அவளைக் கடையில் மூட்டைத் தராசில் ஏற்றினார். அரசாங்க முத்திரை குத்திய தராசு, பொய் சொல்லாது என்றார். அந்தக் கடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். தராசில் எது ஏறினாலும் மூட்டை தூக்கும் கந்தப்பன் எடையைக் கடை முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும். உங்கள் நானா திருப்பிச் சொல்லி, சாக்கின் எடையைக் கழித்து எழுதுவார். விற்கிறவனும் வாங்குகிறவனும் காதால் கேட்க வேண்டும் என்று அவரே வைத்த சட்டம். முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ கலைந்து கடை நிறைய ஆட்கள். பிள்ளை ஏறினாள். கந்தப்பன் பழக்கத்தில் "தொண்ணூத்தியொண்ணு முந்நூத்தம்பது!" என்று கத்திவிட்டார். இவரும் பழக்கத்தில் பேனாவை எடுத்து, "சாக்குக் கழிவு முந்நூறு" என்றார். உடுப்பின், செருப்பின் எடையைத்தான் அப்படிச் சொன்னாராம். ஆட்கள் சிரித்தார்கள். அவளோடு ரியூசன் படிக்கும் பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் சாக்கு.

மறு வாரம் கந்தப்பன் "தங்கச்சிய நான் நிறுக்க மாட்டேன் மொதலாளி, என்னைய வேலைய விட்டு நிப்பாட்டினாலும் சரி" என்று தராசை விட்டு விலகிக்கொண்டார். அதன் பிறகு இவரே நிறுத்தார்.

இவர் கெட்டவர் இல்லை. உங்களுக்கே தெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ரியா


நல்லதண்ணி
06.04.2025

நானாவுக்கு,

ஸலாம். பெருநாள் நன்றாகக் கழிந்தது. ரிஸ்லாவின் நெற்றிக் காயம் ஆறிவிட்டது. சஹருக்கு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நாங்கள் சாப்பிட்டதைத்தான் அவளும் சாப்பிட்டாள்.

எல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளை சொல்லவில்லை, மதினி எழுதினார். அவரோடு சண்டைக்குப் போனீர்கள் என்றால் நான் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

நேற்று பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது ரிஸ்லாவிடம் கேட்டேன், வாப்பா மேல் கோபமா என்று. "இல்ல மாமி. வாப்பா ஏசல்ல, அடிக்கல்ல. நிறுத்தார், அவ்வளவுதான்" என்றாள். உரித்த பூண்டையே மறுபடி மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போவோமா என்று கேட்டேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். நான் அனுப்பமாட்டேன் நானா. அவளாக வந்தால் வரட்டும். உங்களுக்கு எழுத வேண்டியது என்னிடம் இல்லை, அவளுக்கு எழுதுங்கள்.

ரினோஸா


ஹட்டன்
20.04.2025

என் மகள் ரிஸ்லாவுக்கு,

வாப்பாவின் ஸலாம். அங்கே குளிருக்கு ஸ்வெட்டர் போடுகிறாயா? உம்மாவும் ரிப்காவும் சுகம். உன் கட்டிலில் இப்போது ரிப்காதான் குறுக்கே படுக்கிறாள், வந்து விரட்டு.

பள்ளிக்கூடம் தொடங்குகிறது. படிப்பைத் தவறவிட்டால் எட்டிப் பிடிப்பது கஷ்டம். கொழும்பிலிருந்து கண்ணாடித் தராசு ஒன்று எடுப்பித்து உன் அறையில் வைத்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நீயே பார்க்கலாம், ஒருத்தருக்கும் கேட்காது. ரியூசன் மாஸ்டரிடமும் பேசிவிட்டேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவனை வகுப்பைவிட்டு வெளியே போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு என்ன செய்ய வேண்டும் என்று எழுது, செய்து தருகிறேன்.

வாப்பா


நல்லதண்ணி
04.05.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். ஸ்வெட்டர் போடுகிறேன். சீசன் முடியப் போகிறது என்று மாமி கம்பளித் தொப்பிகளை விலை குறைத்துப் போட்டிருக்கிறார். மலைப் பாதையில் மேலே இருக்கும் கடைக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மலை ஏற வருகிறவர்களில் எல்லா மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள். என்னைவிடப் பெரிய ஓர் அன்ட்டி நேற்று ஏறிவிட்டு இறங்கி வந்து என்னிடம் சுடச்சுடப் பிளேன்ரி வாங்கிக் குடித்தார்.

கண்ணாடித் தராசு வேண்டாம் வாப்பா. மாஸ்டரிடம் பேசியதும் வேண்டாம். இனி எல்லாரும் மனசுக்குள் சொல்லுவார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது என்று மாமிக்கு எழுதினீர்களாம். நீங்கள் பேசாததும் கேட்கும். மதியம் மேலே ஏறி வரும்போது ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்குவீர்கள். முன்பு பத்தாவது படியில் நிற்பீர்கள். நான் கட்டிலில் இருந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கு எத்தனை கிலோ வாப்பா?

மகள்
ரிஸ்லா


ஹட்டன்
25.05.2025

மகளே,

ஸலாம். மூன்று வாரமாக வாப்பா பதில் எழுதவில்லை. மழை, வேலை என்று காரணம் எழுதலாம். அதெல்லாம் இல்லை. உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை. இருபது வருடம் தராசுப் பக்கத்தில் நின்றவன், ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஏறினேன். உன் அறைத் தராசில் இல்லை, கீழே. ஜும்ஆ முடிந்து கடை நிறைந்து இருந்தது. கந்தப்பனைக் கூப்பிட்டு "சொல்லு" என்றேன். "வேணாம் மொதலாளி" என்றான். "சட்டம் சட்டம்தான், சத்தமாச் சொல்லு" என்றேன்.

"நூத்தி நாலு அறுநூறு!"

திருப்பிச் சொல்லி எழுத வேண்டியவன் நான்தானே. பேனா மூடியைக் கழற்றித் திரும்ப மூடினேன். சாமான் வாங்க வந்த பூரணி, அக்கரப்பத்தனையிலிருந்து வருவாளே, அவள் சிரித்துக்கொண்டு, "என்னங்க மொதலாளி, சாக்குக் கழிவு போடலீங்களா?" என்றாள். அவள் வஞ்சகம் இல்லாத மனுசி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு என்னால் கல்லாவில் உட்கார ஏலவில்லை. மேலே வந்து படுத்துவிட்டேன். உம்மா வந்து "நெஞ்சு வலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நான் நாற்பத்தாறு வயது ஆம்பிளை, சொந்தக் கடை முதலாளி. எனக்கு ஒரு தடவை. நீ பதினாலு வயதுப் பிள்ளை, உன்னை ஒன்பது வெள்ளிக்கிழமை ஏற்றினேன். கந்தப்பனுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை. உன் வாப்பா பிழை செய்துவிட்டேன் மகள். என்னை மன்னித்துக்கொள்.

நேற்றுக் கிளினிக்குக்கும் போய் வந்தேன். என் சீனி உன்னுடையதைப் போல இரண்டு மடங்கு. குளிசை இன்றே தொடக்கம். "ஜனவரியில சொன்னேன்தானே முதலாளி, மருந்து வீட்டுக்குன்னு" என்று டொக்டர் நோனா சிரித்தார்.

உம்மா ஒரு அடுப்பை அணைத்துவிட்டாள். எல்லாருக்கும் ஒரே சட்டி. தவிட்டரிசிச் சோறும் முருங்கை இலையும் எனக்கு இன்னும் தொண்டையில் இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். "வாப்பாவுக்கும் பிஸ்கட் இல்லையா?" என்று கேட்டு, இல்லை என்றதும் ரிப்கா அழுகையை நிறுத்திவிட்டாள்.

நீ வா என்று நான் எழுதவில்லை. எழுத ஆசைதான்.

வாப்பா


நல்லதண்ணி
03.06.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள், எனக்கு அழுகை வருகிறது.

வியாழக்கிழமை இராமையா மாமாவின் பஸ்ஸில் வருகிறேன். கிளினிக்கில் நானும் நோனாவும் மட்டும் நிறுவையைப் பார்ப்போம். வீட்டில் ஒருத்தரும் கேட்கக் கூடாது. நீங்கள் குளிசையை மறக்காமல் போட வேண்டும். இதற்கெல்லாம் சரி என்றால் ரிப்காவைக் கட்டிலை விட்டு இறங்கச் சொல்லுங்கள்.

ரிஸ்லா


ஹட்டன்
20.07.2025

அன்புத் தங்கச்சி ரினோஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சீசன் முடிந்து நீயும் மச்சானும் கொஞ்சம் ஓய்வாக இருப்பீர்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சுகம். எனக்குக் காலில் மட்டும் நோவு, அதன் காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

ஆறு மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ரிஸ்லாவின் சீனி எல்லையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, இப்போதைக்குக் குளிசை வேண்டாம். எடை எவ்வளவு என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. நோனா அவளை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்து "நல்லா வருது" என்றார். உன் நானா வாழ்க்கையிலேயே எண் கேட்காமல் எழுந்து வந்தது அன்றைக்குத்தான். பஸ்ரியா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இன்னுமொன்றையும் மறைக்க மாட்டேன். ரியூசன் வகுப்பில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. சில நாள் முகம் தொங்கி வருகிறாள், நேராக அறைக்குப் போய்விடுகிறாள். நான் படியில் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெயர் வைத்தவன் நான்.

விடியற்காலை சுபஹு தொழுததும் நானும் அவளும் பள்ளிவாசல் ஏற்றத்தால் நடக்கிறோம். அவள் முன்னால், நான் பின்னால். பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டும். பிள்ளைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கக் கூச்சம். அந்த இடத்தில் சோலைமலையின் மரக்கறி லொறி நிற்கும். நான் நின்று லீக்ஸ் என்ன விலை என்று கேட்பேன். நான் மரக்கறி வியாபாரம் செய்ததே இல்லை, உனக்குத் தெரியும். நேற்று அவன் சிரித்துக்கொண்டு, "மொதலாளி, தெனம் வெல கேக்குறீங்க, ஒரு கட்டாச்சும் வாங்குனீங்களா?" என்றான். எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

முன்னால் போன ரிஸ்லா திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. லொறியையே பார்த்துக்கொண்டு, "வாப்பா, கரட் விலையும் கேளுங்களேன்" என்றாள்.

கேட்டேன்.

உன் நானா
சப்ராஸ்